இன் என்றால் இல்லை

ராஜபாளையம்
22.4.2024

அன்புள்ள மச்சான் பொன்னுராஜ் அவர்களுக்கு,

தங்கச்சாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை சண்முகத்தாயும் மகள் ஜெயசித்ராவும் சுகம். அங்கு உங்கள் முழங்காலும் மகள் அனுசியாவும் எப்படி என்று எழுதவும்.

போன் இருக்கக் கடிதம் ஏன் என்று நினைப்பீர்கள். சென்ற பங்குனியில் நாம் இருவரும் போனில் பேசியதைத் தெருவே கேட்டது. "ரெண்டு பேருக்கும் எதாச்சும் சொல்லணும்னா எழுதித் தொலைங்க. எழுதுனா சத்தம் கேக்காதுல்லா" என்று உங்கள் தங்கை உத்தரவு போட்டுவிட்டாள். உத்தரவுக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன்.

செய்தி இதுதான். மில் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்துவிட்டு ஓய்வுபெற்ற நான் சும்மா இருக்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ராஜுவின் மாடியில் ‘வேர் ஆங்கிலப் பயிலகம்’ திறந்துவிட்டேன். நோட்டீஸ் இணைத்துள்ளேன். ‘நூறு லத்தீன் வேர், பத்தாயிரம் ஆங்கிலச் சொல், தொண்ணூறு நாள்.’ பத்தொன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் இருவர் நர்சு வேலைக்கு வெளிநாடு போகிறவர்கள்.

அகராதி என்பது மனப்பாடம் செய்கிறவனுக்கு. வேரைப் பிடித்தவன் இலை இலையாக எண்ண வேண்டியதில்லை. நீங்கள் முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒரு மாணவனிடமாவது ‘மேனு’ என்றால் கை என்று சொன்னதுண்டா? கையால் செய்வது மேனுவல். கையால் எழுதியது மேனுஸ்கிரிப்ட். கைக்குச் செய்வது மேனிக்யூர். கையில் எடுத்துக்கொண்டு போவது மேங்கோ. மாங்காய் சீசன் என்பதால் கடைசியைச் சொன்னதும் வகுப்பே கைதட்டியது.

உங்கள் அபிப்பிராயத்தை எழுதவும்.

இப்படிக்கு,
அ. தங்கச்சாமி,
நிறுவனர், வேர் ஆங்கிலப் பயிலகம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.4.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். முழங்கால் நலமில்லை. ஆனால் அது அபிப்பிராயம் கேட்டுக் கடிதம் போடுவதில்லை என்பதால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

உங்கள் கடிதம் பன்னிரண்டு கிலோமீட்டரை ஐந்து நாளில் கடந்து வந்தது. எங்கள் ஊர்த் தேரை உங்கள் பக்கம் திருப்பிவிட்டிருந்தால்கூட முன்னால் வந்து சேர்ந்திருக்கும். அவசரப்படும்படி உள்ளே ஒன்றுமில்லை என்பதைத் தபால் இலாகா எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறது.

மாங்காய் என்று ஒரு பொருள் உண்டு. உங்கள் ஊரைச் சுற்றி வேறு மரம் தேடித்தான் பார்க்க வேண்டும். அதை நம் கடற்கரையில் வாங்கிய வெளிநாட்டு வியாபாரி தன் நாக்குக்கு வந்தபடி சொன்னான். அது துறைமுகம் துறைமுகமாகப் போய் மேங்கோ ஆயிற்று. தன் தோட்டத்து மாங்காய்க்கு ரோமாபுரியில் போய்ப் பிறப்புச் சான்றிதழ் வாங்கிவந்த முதல் மனிதர் நீங்கள்தான். அதிலும் ‘மேன்’ லத்தீன், ‘கோ’ ஆங்கிலம். பாதி வழியில் பஸ் மாறியிருக்கிறீர்கள். கையில் எடுத்துக்கொண்டு போவதெல்லாம் மேங்கோ என்றால் குடையும் மேங்கோதான், டிபன் பாக்ஸும் மேங்கோதான். மாடி வீட்டு ராஜுவிடம் கேட்டால் தெலுங்கில் ‘மாமிடி’ என்பார். மிடிக்கு என்ன வேர் வைத்திருக்கிறீர்கள்?

லத்தீன் வேர்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு சொல் எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்று வேர் சொல்லும். இப்போது எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்று சொல்லாது. அதற்குத்தான் அகராதி. நம் தமிழில் ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம். அதை நம்பி ஜெயசித்ராவின் கல்யாணத்தில் சம்பந்தி அம்மாளிடம் போய், "உங்கள் மேல் நல்ல நாற்றம்" என்று சொல்லிப் பாருங்கள். வேரின் வலிமை உடனே தெரியும்.

பத்தொன்பது பேரும் கட்டணத்தைத் திருப்பிக் கேட்காதவரை மகிழ்ச்சி. சண்முகத்தாய்க்கு என் அன்பு.

இப்படிக்கு,
பொன்னுராஜ்


ராஜபாளையம்
9.5.2024

மச்சான் அவர்களுக்கு,

சுகம் என்று எழுத முடியவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று பிரஷர் நூற்றி அறுபது. ‘நாற்றம்’ பகுதியைப் படித்துவிட்டு உங்கள் தங்கை அடுப்படியில் நின்று சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைத்தது நான்.

முப்பது வருடம் அகராதியைக் கட்டி அழுதவர்களுக்கு வேரைக் கண்டால் பொறாமை வருவது இயற்கை. ‘கேட்டமரான்’ என்ற சொல்லையும் சார்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ‘கேட்டா’ கீழே, ‘மார்’ கடல், கடலில் தாழ்வாகப் போவது. இதைச் சொன்னால் கட்டுமரம் என்பீர்கள். ஆங்கிலத்தையே நாம்தான் பெற்றுப் பெயர் வைத்து வெள்ளைக்காரனுக்குத் தத்துக் கொடுத்தோம் என்கிற மாதிரி.

ஒன்று சொல்கிறேன். இனி என் சொல் ஒன்றை நீங்கள் திருத்தினாலும் நமக்குள் போக்குவரத்து இல்லை. ஜெயசித்ராவுக்குக் கல்யாணம் கூடிவந்தால் தாய்மாமன் மாலையை வேறு ஆள் போடட்டும். இதை நான் கோபத்தில் எழுதவில்லை, வெள்ளைத் தாளில் யோசித்து எழுதுகிறேன்.

உங்கள் தங்கையும் ஒன்று எழுதச் சொல்கிறாள்: "அண்ணங்கிட்ட சொல்லுங்க, மாங்காயில தொடங்குன சண்டை மணமேடையில வந்து நிக்கக் கூடாது. அவிய செத்த வாய மூடிட்டு இருந்தா எம்புட்டோ புண்ணியம்."

பதில் தேவை.

அ. தங்கச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.5.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் பிரஷர் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

வாக்குக் கொடுக்கிறேன். இனி உங்கள் ஒரு சொல்லையும் திருத்த மாட்டேன். கேட்டமரான் கடலில் எவ்வளவு தாழ்வாக வேண்டுமானாலும் போகட்டும். என் பக்கத்திலிருந்து அலை எழும்பாது. "ஒரு மாசம் தாங்க மாட்டிங்கப்பா" என்று அனுசியா பந்தயம் கட்டுகிறாள். அவள் தோற்பாள்.

அவளுக்கு வத்திராயிருப்புப் பக்கம் பார்த்த இடம் தட்டிப்போயிற்று. ஆறாவது. வருகிற தையில் முப்பது. அவள் அம்மா இருந்திருந்தால் இந்நேரம் ஏதாவது செய்திருப்பாள். எனக்கு இதில் சாமர்த்தியம் போதவில்லை.

பொன்னுராஜ்


ராஜபாளையம்
10.6.2024

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

எல்லோரும் சௌக்கியம். பிரஷர் நூற்றி முப்பதுக்கு வந்துவிட்டது. அனுசியா விஷயத்தில் மனம் தளர வேண்டாம். காலம் வரும்.

எங்கள் வீட்டில் ஒரு பெரிய கண்டம் கழிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சென்ற ஞாயிறு ஜெயசித்ராவைப் பெண் பார்க்க வந்தார்கள். தரகர் பாண்டிச்செல்வம் கொண்டுவந்த இடம். பையன் பெயர் கௌதம்ராஜ், ஊர் சேத்தூர். பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். அதற்கு முன் திருப்பூரில் நான்கு வருடம். ஒன்பது பொருத்தம். ஆள் பார்க்கவும் நன்றாகவே இருந்தான். நானே வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

ஜாதகத்தோடு ஒரு ஃபைல் கொடுத்தார்கள். அதில் திருப்பூர் கம்பெனி முதலாளி கொடுத்த சான்றிதழ். மூன்றே வரி. இரண்டாவது வரியில், இந்த நான்கு வருடத்தில் இவருடைய சேவை எங்களுக்கு ‘இன்வேல்யுவபிள்’ என்று எழுதியிருக்கிறது!

நமது சார்ட்டில் பன்னிரண்டாவது வேர்: ‘இன்’ என்றால் இல்லை. இன்விசிபிள், கண்ணுக்குத் தெரியாதது. இன்கரெக்ட், சரியில்லாதது. ‘வேல்யு’ மதிப்பு. ஆக, மதிப்புக்குத் தகுதியே இல்லாதது. மூன்றாவது வரியில் ‘போகிற இடத்தில் நன்றாக இருக்கட்டும்’ என்று வேறு. நாசூக்காகக் கழற்றிவிட்டிருக்கிறான் முதலாளி. உயர்ந்த ஆங்கிலம் அப்படித்தான், அடிப்பது வெளியே தெரியாது. பாவம், பையன் வீட்டாருக்கு இது புரியவில்லை. ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸுக்கு லேமினேஷனும் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளையைத் திட்டியதை லேமினேட் செய்து ஊர் ஊராக எடுத்துப் போகிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜெயசித்ரா எதிர்த்துப் பேசினாள். "அப்பா, போன்ல பாத்தேன், விலைமதிப்பில்லாதன்னு போட்டிருக்கு. நம்ம தமிழ்லயே அப்படிச் சொல்லுதோம்லா?"

"அது தமிழ்ட்டி. இது லத்தீன்."

"ரெண்டுலயும் ‘இல்லாத’தான இருக்கு?"

"விலைமதிப்பில்லாதங்கறதுல விலை இருக்கு. இதுல விலை எங்க இருக்கு, காட்டு? போன்ல வாரதெல்லாம் ஊர்ல போறவன் வாரவன் எழுதுறது."

அவள் எழுந்து போய்விட்டாள். நான் யாரையும் நோகடிக்க விரும்பாதவன் என்பதால், ‘சான்றிதழ் சரியில்லை’ என்று மட்டும் தரகரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் திருத்துவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இதில் திருத்த ஒன்றும் இல்லை என்பதால் உங்கள் வாக்குக்கும் சோதனை இல்லை.

அ. தங்கச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
13.6.2024
(கூரியரில்)

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் பிரஷர் இறங்கியது அறிந்து மிக்க மகிழ்ச்சி. உப்பைக் குறையுங்கள். மாலையில் செத்த நேரம் நடங்கள். உங்களைப் போன்றவர்கள் நீண்டகாலம் இருக்க வேண்டும்.

சான்றிதழ் பற்றிய உங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

வெறும் ஆர்வத்தில் சில கேள்விகள். பையனுக்கு என்ன நட்சத்திரம்? வயது முப்பத்திரண்டுக்கு மேலா, உள்ளா? சேத்தூரில் வீடு சொந்தமா? கூடப்பிறந்தவர்கள் உண்டா? உங்கள் முடிவு தீர்மானமானதுதானே? ஒரு வரி எழுதிவிடுங்கள். பொறவு யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது, அதற்காகக் கேட்கிறேன்.

வேண்டாம் என்று விட்ட ஜாதகத்தை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லதில்லை என்பார்கள். அந்த ஃபைலை என் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். பாண்டிச்செல்வம் இந்தப் பக்கம் வாரத்துக்கு இரண்டு முறை வருகிறவர். நானே சேர்ப்பித்துவிடுகிறேன். லேமினேஷனோடு அப்படியே அனுப்பவும்.

உங்கள் பயிலகம் நன்றாக வளரட்டும். அனுசியா நலம்.

என்றும் அன்புடன்,
பொன்னுராஜ்


ராஜபாளையம்
8.7.2024

மாமாவுக்கு, ஜெயசித்ராவின் வணக்கம்.

நீங்களும் மதினியும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் தினமும் யாரிடமாவது இதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள்.

உங்களுக்கு நான்கு முறை போன் செய்தேன். முதல் முறை "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றீர்கள். அப்புறம் எடுக்கவில்லை. நம் வீட்டில் உங்களிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் மாமா. போனில் ஒரு நொடியில் வருகிறது. அப்பாவிடம் மூன்று அகராதியைக் காட்டினேன். மில் நூலகத்திலிருந்து தடிமனான ஒன்றைக் கொண்டுவந்து காட்டினேன். அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா? "ஏட்டி, உங்க மாமனுக்கு எழுதி ஒரு மாசம் ஆச்சு. மாங்காய்க்கே ஒரு பக்கம் எழுதுன மனுசன். இதுல தப்பு இருந்தா அவரால சும்மா இருக்க முடியுமா? சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னு கைப்பட எழுதியிருக்காரு, பாரு" என்று உங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார். இப்போது அப்பாவுக்கு லத்தீன் சாட்சி இல்லை. நீங்கள்தான் சாட்சி.

பெண் பார்க்க வந்த அன்று அவரும் நானும் மாடியில் பத்து நிமிடம் பேசினோம். நான் மில் லேபில் நூல் சோதிக்கிறேன் என்றதும், "நானும் லென்ஸ் வச்சு பேண்டேஜ் துணியில நூல் எண்ணுதவன்தாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் கண்ணு சீக்கிரம் போயிரும், யாரு யாரப் பாத்துக்கப் போறம்னு தெரியல" என்றார். இருபத்தெட்டு வயதில் எத்தனை பேருக்கு முன்னால் நின்றிருப்பேன். சிரித்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

எனக்கு ஒரு வரி போதும். அப்பாவுக்கு எழுத வேண்டாம், வாக்கு இருக்கிறது என்பீர்கள். எனக்கு எழுதுங்கள். ‘அந்தச் சொல்லுக்கு விலைமதிப்பில்லாத என்று பொருள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். பையன் வீட்டில் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்வி.

ஜெயசித்ரா


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.7.2024

அன்பு மருமகள் ஜெயசித்ராவுக்கு,

ஆசீர்வாதங்கள். உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. முழங்கால் வலியால் உடனே எழுத இயலவில்லை.

நீ கேட்ட விஷயம் ஆழமானது. சொல் என்பது இடத்துக்கு இடம் நிறம் மாறுவது. எழுதியவன் மனதில் என்ன இருந்தது என்று எவரால் அறுதியிட முடியும்? எந்த ஒரு சொல்லுக்கும் இதுதான் பொருள் என்று ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திடுவது, மொழியைக் கற்றவன் செய்யத் தயங்குகிற காரியம்.

மேலும், தகப்பன் முடிவெடுத்த வீட்டில் தாய்மாமன் போய் அகராதியை நீட்டுவது அழகல்ல. உன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்கு என்பதற்கு நம் குடும்பத்தில் ஒரு மதிப்பு உண்டு. இது ஆடி மாதம் வேறு. நல்ல காரியம் பேசுவதற்கில்லை. பொறுமையாக இரு. உனக்கென்று ஒருவன் பிறந்திருப்பான்.

தெரிந்தவர் மூலம் அரைக் கிலோ பால்கோவா கொடுத்தனுப்பியிருக்கிறேன். அன்றைக்கே சாப்பிட்டுவிடவும்.

மாமா பொன்னுராஜ்


ராஜபாளையம்
28.8.2024

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

சுகம். பயிலகத்தில் இப்போது இருபத்தேழு பேர்.

ஒரு வேடிக்கை. பாண்டிச்செல்வத்தைக் கடைத்தெருவில் பார்த்தேன். நாம் கழித்துவிட்ட அந்த சேத்தூர்ப் பையனை உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு வீட்டில் கேட்கிறார்களாம். யார் என்று எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. "பெரிய இடம்ணே, பேர சொல்லக் கூடாதுன்னு உத்தரவு" என்று சிரிக்கிறான். சான்றிதழைப் படித்துப் பார்த்துத்தான் பிடித்துப்போயிற்றாம்! யாரோ ஆங்கில வாசனை இல்லாத குடும்பம். உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் கூப்பிட்டு எச்சரித்துவிடுங்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை அல்லவா.

ஜெயசித்ரா சரியாகப் பேசுவதில்லை. போகப்போகச் சரியாகும்.

அ. தங்கச்சாமி


ராஜபாளையம்
20.9.2024

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

நீங்களும் அனுசியாவும் சுகந்தானே? என் சென்ற கடிதத்துக்குப் பதில் இல்லை. முழங்காலோ என்று உங்கள் தங்கை கவலைப்படுகிறாள்.

இங்கே நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண், மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். பெண்ணுக்காவது விவரம் இருக்கிறது. கௌதம்ராஜும் அவன் அப்பாவும் நேரே என் பயிலகத்துக்கே ஏறிவந்துவிட்டார்கள். வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. "ஐயா, சான்றிதழ்ல என்ன கோளாறுன்னு சொல்லுங்க. எம் மவன் அப்படி என்னத்தச் செஞ்சிட்டான்?" என்று அந்தப் பெரியவர் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார். இருபத்தேழு பேரும் பார்க்கிறார்கள்.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஜெயசித்ரா அப்போது அங்கே இருந்தாள். சுவரில் தொங்கிய சார்ட்டைக் காட்டி, "அப்பா, முப்பத்தி நாலாவது வேரும் ‘இன்’தானப்பா. அதுல ‘உள்ளே’ன்னுல்லா எழுதிருக்கீங்க" என்றாள்.

மச்சான், எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்சைட், இன்டோர், இன்ஹேல்! உள்ளே! இன்வேல்யுவபிள் என்றால் உள்ளே மதிப்பு உள்ளவன். வெளியே ஆரவாரம் இல்லை, சரக்கெல்லாம் உள்ளே. அந்த முதலாளி எவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கிறான்! அங்கேயே விளக்கினேன். வகுப்பு கைதட்டியது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐப்பசியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

ஆனாலும் அந்த மாங்காய் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. இருபத்தேழு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். உங்களை வாக்கிலிருந்து விடுவிக்கிறேன். என் புது விளக்கம் சரியா, தவறா? தவறு என்றால் பழையபடி ‘இல்லை’ என்றுதான் ஆகும். மதிப்பில்லாதவனுக்குத் தெரிந்தே பெண்ணைக் கொடுக்க என்னால் முடியாது, கல்யாணத்தை நிறுத்தத்தான் வேண்டும். சரி என்றால் இரண்டு வரி சான்று எழுதி, ஒரு புகைப்படமும் அனுப்புங்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் பத்துக்கு ஆறு ஃபிளெக்ஸ் வைக்கப்போகிறேன். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரே ஒப்புக்கொண்டார் என்றால் ராஜபாளையத்தில் என்னை அசைக்க ஆளில்லை.

அ. தங்கச்சாமி


ராஜபாளையம்
21.9.2024

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கவில்லை. நன்றாக இருக்கிறீர்கள் என்று அனுசியா மதினி சொன்னாள்.

போன வாரம் மதினி எங்கள் மில் வாசலுக்கு வந்திருந்தாள். உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று அவர் அவளிடம் கேட்டாராம், "ராஜபாளையத்துல என்னய ஏன் வேண்டாம்னாங்கன்னு உங்களுக்காச்சும் தெரியுமா? சான்றிதழ்ல ஏதோ வார்த்தைன்னாங்க." எந்த வார்த்தை என்று பார்க்க அவள் ஃபைலை எடுத்திருக்கிறாள். அப்புறம் உங்கள் பெரிய அகராதியைத் திறந்திருக்கிறாள். அந்தச் சொல் இருந்த பக்கத்தில் என் கடிதம் மடித்து வைத்திருந்ததாம். நீங்கள் அர்த்தம் பார்த்திருக்கிறீர்கள் மாமா. முப்பது வருடம் பாடம் நடத்தியவர், சந்தேகம் வந்து பார்த்திருக்க மாட்டீர்கள். என்னிடம் என்ன சொல்லாமல் விட வேண்டும் என்று பார்த்திருப்பீர்கள்.

மில் வாசலில் நின்று மதினி அழுதாள். "உங்க அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது ஜெயா. எங்க அப்பாவுக்குத் தெரியும்" என்றாள். நான்தான் அவளைத் தேற்றி பஸ் ஏற்றிவிட்டேன். அவரை எங்கள் வீட்டுக்கு மறுபடி அனுப்பியதும் அவள்தான்.

அப்பா நேற்று உங்களுக்கு எழுதியிருப்பார். அதற்கு ‘சரி’ என்று பதில் எழுதுங்கள். அந்த விளக்கம் தப்பு என்று எனக்கும் தெரியும். அப்பாவுக்காக சார்ட்டில் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்ததே நான்தான். உண்மையான அர்த்தத்தை எழுதிவிடலாம் என்று இப்போது உங்களுக்குத் தோன்றும். எழுதினால் அம்மா கேட்பாள், "அண்ணனுக்கு இது ஜூன்லயே தெரியும்லா? அப்ப ஏன் சொல்லல?" என்று. அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்தக் கேள்விக்கு அவளிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

நீங்கள் கொடுத்தனுப்பிய பால்கோவாவை அன்றைக்கே அப்பாவின் வகுப்பில் கொடுத்துவிட்டேன். நன்றாக இருந்ததாம்.

கல்யாணத்துக்கு வாருங்கள். தாய்மாமன் மாலையை நீங்களே போடுங்கள். நான் குனிந்து வாங்கிக்கொள்வேன். போட்டோவில் எல்லாம் சரியாகத் தெரியும்.

ஜெயசித்ரா


ஸ்ரீவில்லிபுத்தூர்
3.10.2024

அன்புள்ள மாப்பிள்ளை தங்கச்சாமி அவர்களுக்கு,

இங்கு நானும் அனுசியாவும் இருக்கிறோம். அங்கு அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

முகூர்த்தம் குறித்த செய்தி அறிந்தேன். மாலையோடும் சீரோடும் வருகிறேன். சண்முகத்தாயிடம் சொல்லவும்.

நீங்கள் கேட்ட சான்று கீழே. அப்படியே அச்சிட்டுக்கொள்ளலாம்.

‘இன்வேல்யுவபிள் என்ற சொல்லின் முதலில் வரும் இன், உள்ளே என்று பொருள்படும் லத்தீன் வேரே ஆகும். திரு. அ. தங்கச்சாமி அவர்களின் விளக்கம் சரியானது. பேராசிரியர் பொன்னுராஜ், ஆங்கிலத் துறை (ஓய்வு).’

இது ஐந்தாவது படி. முதல் நான்கிலும் பழக்கத்தில் கை திருத்தம் போட்டுவிட்டது. அவற்றைக் கிழித்துவிட்டேன்.

புகைப்படம் இணைத்துள்ளேன். வேலையில் சேர்ந்த வருடம் எடுத்தது. இதைவிடப் பிந்தியது கிடைக்கவில்லை. அனுசியாவிடம் காட்டினேன். "இது யாருன்னு எனக்குத் தெரியல" என்றாள். இந்த மூன்று வாரத்தில் அவள் என்னோடு பேசியது அவ்வளவுதான். அந்தப் படத்தையே போட்டுவிடுங்கள்.

பொன்னுராஜ்